இலக்கியத்தில் அரைப்பேர்

தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் அரைப்பேர் என்றொரு சொல் உண்டு. நாள் முழுதும் மலையில் நின்றும் குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவராதவருக்குச் செக்றோலில் அரை நாளே பதியப்படும். ஆள் முழுமையாக வந்திருப்பார். கணக்கிலோ பாதி ஆளே வந்ததாக இருக்கும். மலையகத்தைப் பொருளாகக் கொண்டு தமிழில் எழுந்துள்ள நாவல்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிப் பதினெட்டை எட்டாத இளையோர்க்கு அவற்றில் கிடைத்திருப்பதும் அரைப்பேரே என்பது புலனாகும். அவ்வயதினர் இல்லாத மலையக நாவல் இல்லை. அவ்வயதினரின் உள்ளத்தினின்று உலகைக் கண்ட மலையக நாவல் என்று விரல்விட்டுக் காட்டத்தக்கதும் இல்லை.

இக்குறையை முதலில் உணரக்கூடியவர் ஆய்வாளர் அல்லர். ஆய்வாளருக்கு முன்னே தலைப்பும் இயற்பிரிப்பும் உண்டு. அவற்றுள் அடங்காத குறை அவர் கண்ணிற் படுவதில்லை. பரீட்சைக்காகவும் பட்டத்துக்காகவும் அன்றி, வேலை முடிந்த மாலைப் பொழுதிற் கையிற் கிடைத்ததைப் படிக்கும் சாதாரண வாசகரையே அது முதலில் தைக்கும். அத்தகைய வாசகர் ஒருவர் கொட்டகலையில் இருப்பதாகக் கொள்க. அவர் ஓர் ஆசிரியராக இருக்கலாம். கடையொன்றின் கணக்கராகவும் இருக்கலாம். அண்மைக் காலத்தில் இளையோர் நாவல் என்ற பெயரில் வெளிவந்தவற்றுட் சிலவும், அப்பெயரைச் சூடாமலே அவ்வயதினரைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் சிலவும் அவர் கைக்கு வருகின்றன. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', ஜெயமோகனின் 'பனிமனிதன்', பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ', அமெரிக்க எழுத்தாளர்களான மில்ட்ரெட் டெய்லரின் 'றோல் ஒவ் தண்டர், ஹியர் மை க்றை', அஞ்சி தோமஸின் 'த ஹேட் யூ கிவ்' ஆகியன அவற்றுட் சில. இவற்றைப் படித்து முடித்து நிமிரும் அவர், சாளரத்துக்கு வெளியே கொழுந்து மலையைக் கண்டதும் என்ன எண்ணுவார் என்பதே இக்கட்டுரையின் விடயமாகும்.

'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டில் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. இன்றைய சிறுவன் ஒருவனைக் கீழடியின் தொல்பழங்காலத்தோடு இணைப்பது அது. அகழ்வாராய்ச்சியின் பேறுகளை இளையோர்க்குக் கதையாக்கிய முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட வைகைக்கரைத் தமிழ்ச் சிறுவனோடு உறவு கொண்டாட வாய்த்த கொட்டகலைச் சிறுவனுக்கு, மன்னாரிலிருந்து கால்நடையாக இம்மலைக்கு ஏறிவந்த தன் பாட்டனின் பாட்டனோடு உறவு கொண்டாட ஒரு நூல் இல்லை. 'பனிமனிதன்' இமயத்துப் பனிவெளியில் நிகழும் தேடற்கதை. இளைய வாசகரை அறிவிலி என்று கருதாது, அறிவியலையும் மெய்யியலையும் அவர்தம் முன் துணிந்து வைக்கும் பெருமை அதற்குண்டு. செல்வதுரையின் நாவல் 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் அகத்தைப் பேசுவது, 2005இல் வெளிவந்தது. இலங்கைத் தமிழர் ஒருவர் இளையோர்க்கென எழுதியவற்றுள் இத்துணை நுண்மையானது பிறிதொன்று அரிதே. ஆனால் அது வசதியுள்ள கொழும்பு வீட்டின் முன்மண்டபத்தால் வாசகரை அழைத்துச் செல்கின்றது. மலையக இளையோர் அத்தகைய வீடுகளுக்குள் நுழைவது பெரும்பாலும் பின்வாசலால்.

'கூளமாதாரி' இளையோர்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் பசியும் விளையாட்டும் கிணற்று நீச்சலும் பண்ணையத்துக் கொடுமையும் அதில் அப்பிள்ளைகளின் உயரத்திலிருந்தே காணப்படுகின்றன. பெரியவரின் இரக்கம் இடையில் வந்து நின்று மறைப்பதில்லை. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டுக்கு இயன்றது கொட்டகலை மலைக்கு இயலாமற் போனமைக்கு மண்ணைக் காரணம் காட்ட இயலாது.

டெய்லரின் நாவலைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். கொட்டகலை வாசகரை உறங்கவிடாதிருக்கக் கூடியது அதுவே. 1976இல் வெளிவந்து மறு ஆண்டில் நியூபெரி விருதைப் பெற்ற அது, 1930களின் மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்வது. சுற்றிலும் பருத்திப் பெருந்தோட்டங்கள். அவற்றில் விளைவிற் பங்குக்கு உழைக்கும் கறுப்பினக் குடும்பங்கள். அவர்தம் தலைமேல் தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் தீராத கடன். இவற்றின் நடுவே சொந்தக் காணியை எவ்வாறேனும் காத்துக்கொள்ள முயலும் ஒரு கறுப்பினக் குடும்பம். கதையைச் சொல்பவள் அக்குடும்பத்துச் சிறுமி கஸ்ஸி, வயது ஒன்பது. வெள்ளையர் பாடசாலை பயன்படுத்திக் கழித்த நூல்களே அவளது பாடசாலைக்கு வருகின்றன. நூலின் உட்புறத்தில், அது எந்த ஆண்டில் எந்நிலையில் எவ்வினத்து மாணவர் கைக்குப் போயிற்று என்ற அட்டவணை ஒட்டப்பட்டிருக்கின்றது. அதனை எழுத்துக்கூட்டிப் படித்த அவளது கடைசித் தம்பி, நூலைத் தரையில் எறிந்து மிதிக்கின்றான். வெள்ளைப் பிள்ளைகளின் பாடசாலை பஸ், நடந்து செல்லும் இப்பிள்ளைகளின் மீது சேற்றை வாரி இறைத்தபடி நாள்தோறும் கடந்து போகின்றது. ஒரு நாள் இப்பிள்ளைகள் பாதையிற் குழி வெட்டுகின்றனர். மழைநீர் நிரம்பிய அக்குழியில் பஸ் சிக்கிக்கொள்கின்றது.

இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது, அக்குழியை வெட்டத் தீர்மானித்தவர் யார் என்பதாகும். தந்தை சொல்லவில்லை, தலைவர் எவரும் வந்து உரையாற்றவில்லை. பிள்ளைகளே கூடிப் பேசித் தீர்மானித்தனர். அன்றிரவு வெள்ளையர் கூட்டமொன்று தம்மைத் தேடியே வருகின்றதோ என அவர்கள் அஞ்சி நடுங்கும் நடுக்கமும் அவர்களுடையதே. இனக்கொடுமை, காணி, கடன் என்ற பெரும்பொருள்கள் யாவும் அந்நாவலில் உள்ளன. அவற்றுள் எதனையும் எளிமைப்படுத்தாமலே அது ஒரு சிறுமியின் நாவலாக நிற்கின்றது. பெருந்தோட்ட அமைப்பின் கொடுமையை இளையோரின் உணர்வுவழி சொல்ல முடியும் என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை. பருத்தி என்பதை நீக்கித் தேயிலை என வைத்தால் கதையிற் பாதி கொட்டகலைக்குப் பொருந்தும். தோட்டத்திலிருந்து மழையில் நனைந்து பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளைகளும், அவர்மீது சேறு தெறிக்கப் பாயும் வாகனங்களும் அங்கும் உண்டு. அந்தச் சேறு எந்த மலையக நாவலில் தெறித்திருக்கின்றது?

அஞ்சி தோமஸின் நாவல் (2017) பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் கதை. அவள் தன் குடியிருப்பில் ஒரு மொழி பேசுகின்றாள். வெள்ளையர் மிகுந்த பாடசாலையில் வேறொரு மொழி பேசுகின்றாள். நண்பன் பொலிசாரால் சுடப்பட்டதைக் கண்ணாற் கண்டவள், அவ்விரு மொழிகளுள் எதிற் சாட்சி சொல்வது என்று திணறுகின்றாள். தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் மாணவி, முகவரி கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாது நகரின் பெயரைச் சொல்வதும், வீட்டிற் பேசும் பேச்சை வகுப்பில் விழுங்கிக்கொள்வதும் மலையக ஆசிரியர் பலர் அறிந்தவை. அறிந்திருந்தும் எழுதப்படாதவை.

மலையக நாவலாசிரியர் எழுதியவை யாவை? 1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வந்தது. அதே ஆண்டில் நந்தியின் 'மலைக்கொழுந்து' வந்தது. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' 1968இலும், தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இலும், தி. ஞானசேகரனின் 'குருதிமலை' 1979இலும் வெளியாயின. ஜோசப்பின் 'குடை நிழல்' 2010இல் நூலாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' இவ்வரிசையிற் கட்டாயம் இடம்பெற வேண்டியது. இவை இல்லாவிடின் மலையகத் தமிழரின் வரலாறு அரசாங்க அறிக்கைகளின் வரலாறாகவே எஞ்சியிருக்கும். இவற்றின் பெருமையைக் குறைத்துக் கூறுவது நன்றியின்மையாகும். எனினும் பெருமையைச் சொல்லி நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது.

இவ்வரிசை நாவல்கள் பொதுவாக எடுத்துக்கொண்டவை கங்காணியின் கொடுமை, துரையின் ஆணவம், தொழிற்சங்கம், பிரசாவுரிமை, காணி பறிபோதல், இனவன்முறை ஆகியன. இவை பெரியோரின் களங்கள். இவற்றில் இளைஞன் பெரும்பாலும் மூன்று வேடங்களில் ஒன்றையே ஏற்கின்றான்: பலியாகின்றான், அல்லது கெட்டுப்போகின்றான், அல்லது இறுதி அத்தியாயத்திற் கொடி பிடிப்பதற்காக வளர்க்கப்படுகின்றான். இளம்பெண்ணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டத்து அதிகாரி ஒருவனின் காமத்துக்கு இலக்காவதன்றி அவளுக்குக் கதையில் வேறு அலுவல் அருகியே காணப்படுகின்றது. அவள் எதைக் கண்டு சிரித்தாள், எந்தப் பாடத்தை வெறுத்தாள், எவரோடு முரண்பட்டாள் என்பன கதைக்குப் புறம்பானவை ஆகிவிட்டன.

இதற்கு ஒரே ஒரு சான்றைச் சற்று நின்று பார்க்கலாம். அது நாவலன்று, சிறுகதை; ஆயினும் மலையக எழுத்தின் சிகரங்களுள் ஒன்று. ஜோசப்பின் 'மீன்கள்', ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு முடங்கிக் கிடக்கும் குடும்பமொன்றின் இரவைக் கூறுவது. லயத்து வீட்டின் நெருக்கம் மனித மானத்தை எவ்வாறு தின்கின்றது என்பதை அக்கதையைப் போன்று சுருங்கச் சொன்னது வேறில்லை எனலாம். அதன் மையம் தந்தையின் கூச்சம். அத்தந்தையின் குன்றலை ஜோசப் வரைந்த திறம் என்றும் நிலைக்கும். ஆனால் அக்காம்பராவில் விழித்துக் கிடந்த மகளும் ஒருத்தி இருக்கின்றாளே! அவள் அவ்விரவை எவ்வாறு கழித்தாள்? மறுநாட் காலை எந்த முகத்தோடு தண்ணீர்ப் பீலிக்குச் சென்றாள்? ஜோசப் அதனை எழுதாதது குறையன்று. ஒரு கதை ஒரு பார்வையைத்தான் ஏற்க முடியும். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளில் வேறெவரும் அந்த மகளின் பக்கத்திற்கு நகர்ந்து அமரவில்லை என்பதே குறை.

இப்புறக்கணிப்பு எழுத்தாளரின் மறதியால் மட்டும் நேர்ந்ததன்று. தோட்ட அமைப்பே அவ்வயதை ஏற்க மறுத்து வந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையை 6 முதல் 10 வயது வரையில் நிறுத்திற்று. பத்து வயதோடு தோட்டத்துரையின் கல்விப் பொறுப்பு தீர்ந்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உழைப்போரை ஆண், பெண், பிள்ளை என மூன்றாக வகுத்தது. அதன்கீழ் உயர்மலைத் தோட்டங்களுக்கு முதலில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இம்மூன்று நிரல்களுக்கு வெளியே நான்காவதொன்று இல்லை. பிள்ளைமடுவத்திலிருந்து இறங்கியவர் சில ஆண்டு தோட்டப் பாடசாலையில் உட்கார்ந்துவிட்டுப் பிரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டியதே விதி. இடையில் தயங்குவதற்கும் கனவு காண்பதற்கும் தவறு செய்து திருந்துவதற்கும் உரிய வயது எந்தப் புத்தகத்திலும் பதியப்படவில்லை.

அந்நிலை இன்று இல்லை. தோட்டப் பாடசாலைகளை 1970களில் தொடங்கி அரசு பொறுப்பேற்றது. கட்டாயக் கல்வியின் மேல்வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆயிற்று. சாதாரண தரமும் உயர்தரமும் கற்கும் தலைமுறைகள் உருவாகிவிட்டன. ஆக, சட்டம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் இளமைப் பருவத்தைப் பிந்தியேனும் வழங்கிவிட்டது. மலையக நாவல் மட்டும் இன்னும் 1927ஆம் ஆண்டின் நிரல்களிலேயே ஆள் எண்ணுகின்றது. வெளியிலிருந்து விதிக்கப்பட்ட கணக்கை எதிர்த்து எழுந்த இலக்கியம், அக்கணக்கையே தன்னையறியாது கைக்கொண்டமை வருந்தத்தக்க முரணாகும்.

இவ்விடத்தில் முற்போக்குத் திறனாய்வாளர் ஒருவர் எழுந்து நிற்பார். நாட்சம்பளமும் காணியும் வீடும் தீராத பிரச்சினைகளாக இருக்கையில், பதினைந்து வயதினரின் மனச்சஞ்சலத்துக்கு நாவல் கேட்பது நடுத்தர வர்க்கத்து ஆடம்பரமல்லவா என்பார். இவ்வாதம் பார்வைக்கு நேர்மையானது, உள்ளே வெறுமையானது. சம்பளப் பிரச்சினையை வீட்டில் முதலிற் செவியுறுபவர் யார்? கடைக் கடனுக்காகத் தாய் நகையைக் கழற்றும்போது மூலையில் நூலை விரித்து வைத்துக்கொண்டு படிப்பதாகப் பாசாங்கு செய்பவர் யார்? உயர்தரத்தைத் தொடர்வதா, கொழும்புக் கடைக்குப் போவதா என்ற தீர்மானம் எந்த வயதில் எடுக்கப்படுகின்றது? தோட்டத்துப் பொருளாதாரத்தின் கூர்முனை குத்தும் இடமே அந்த வயதுதான். 2021இல், கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட மலையகச் சிறுமி ஒருத்தியின் மரணம் நாடெங்கும் கண்டன ஊர்வலங்களை எழுப்பியது. கவிதைகளும் எழுந்தன; இரங்கல்களும் எழுந்தன. அவ்வயதுச் சிறுமி ஒருத்தி கோச்சியேறி நகரத்தை நோக்கிப் போகையிற் கொண்டிருக்கக் கூடிய ஆசை எதுவாக இருக்கும் என்று எண்ணிப்பார்க்கும் நாவல் எழவில்லை. அவள்மீது இரங்க முடிந்தவர்களால் அவளாக இருந்து பார்க்க முடியவில்லை. இரக்கம் மலிந்த இலக்கியத்தின் வறுமை அது.

இளையோர் நாவல் என்பதே மேனாட்டுப் பதிப்பகத்தாரின் வியாபாரப் பெயர் என்று கூறுவோரும் உளர். பெயர் அங்கிருந்து வந்தது உண்மை. பொருள் அவ்வாறன்று. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என வயதுக்கு வயது பெயரிட்ட மொழி தமிழ். (உலா இலக்கியம் அவர்களைப் பார்த்ததே தவிர, அவர்களின் கண்ணால் எதையும் பார்க்கவில்லை என்பது வேறு. பிள்ளைத்தமிழோ சிறுதேர் உருட்டும் வயதோடு, அம்மானையும் ஊசலும் ஆடும் வயதோடு விடைபெற்றுவிடும்.) அயலில் வாழும் சிங்கள மக்களின் இலக்கியத்தை நோக்கினால் இவ்வாதம் முற்றாகச் சரியும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' 1947இல் வெளிவந்தது. தென்கரையோரக் கிராமத்துக் குறும்புக்காரச் சிறுவன் ஒருவன், வீட்டைவிட்டு வெளியேறி ஆளற்ற தீவொன்றிற் பயிர் செய்து வாழும் கதை அது. கருணாசேன ஜயலத்தின் 'கொளு ஹதவத்த' 1962இல் வந்தது. பாடசாலைக் காலத்துக் காதலின் ஊமைத்தனத்தைப் பேசிற்று. 1968இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். இவ்விரு நூல்களும் தலைமுறை தலைமுறையாகச் சிங்கள மாணவரின் பைகளில் இருந்து வந்துள்ளன. சிங்கள நாவல் தன் பெரும்பொருள்களைக் கைவிட்டா இவற்றைப் பெற்றது? 'மடொல் தூவ' எழுதிய அதே விக்கிரமசிங்கவே 'கம்பெரலிய'வையும் எழுதினார்.

தோட்ட மக்களின் சொந்தக் கலைகளைப் பார்ப்பினும் இதுவே தெரியவரும். மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனும் ரதியுமாக வேடமிட்டு ஆடுவோர் இளைஞரே. விரதமிருந்து, தப்பின் ஓசைக்கு விடியும்வரை ஆடும் அவர்களின் உடலுக்கும் காமத்துக்கும் இழப்புக்கும் அக்கூத்தில் முழுப்பேர் உண்டு. எழுத்தறியாதோரின் கலை கொடுத்த இடத்தை எழுத்தறிந்தோரின் கலை பறித்துக்கொண்டது எனினும் பொருந்தும்.

மூன்றாவது தடை பாடசாலைப் பக்கத்திலிருந்து வருவது. இதுவே மூன்றிலும் கொடியது. இளையோர்க்கென நூல் எழுதினால் அது நல்வழி காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் அது. இதனால் விளைந்தவை நூல்களல்ல, நீட்டி எழுதப்பட்ட பரிசளிப்பு விழா உரைகள். தகப்பனின் சாராயத்தை வெறுத்துப் படித்து வைத்தியராகித் தோட்டத்துக்கே திரும்பும் மாணவன், ஆசிரியையின் அறிவுரையால் ஒரே இரவில் திருந்தும் முரடன், இறுதியிற் பரீட்சைப் பெறுபேறு. பதினைந்து வயது வாசகருக்குப் பொய்யை மணந்தறியும் மூக்கு கூர்மையானது. வைத்தியர் ஆகாதோர் அவ்வகுப்பில் நாற்பது பேர் இருக்கின்றனர் என்பதை அவர் அறிவார். அந்த நாற்பதில் தாமும் ஒருவர் என்பதையும் அறிவார். அவர்களைத் தோல்வியாளர் என்று மறைமுகமாகச் சொல்லும் நூலை அவர்கள் ஏன் படிக்க வேண்டும்? படிப்பதில்லை. படிக்காததைக் கண்டு, இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கைபேசிதான் உலகம் என்று அதே ஆசிரியர்கள் பெருமூச்சு விடுகின்றனர்.

எஸ். ஈ. ஹின்டன் பாடசாலை மாணவியாக இருந்தபோதே எழுதத் தொடங்கி 1967இல் வெளியிட்ட 'த அவுட்சைடர்ஸ்' இங்கு நினைக்கத்தக்கது. ஏழ்மைப்பட்ட இளைஞர் கும்பலொன்றின் கதையை அவர் எழுதியமைக்குக் காரணம், அக்காலத்தில் இளையோர்க்கெனக் கிடைத்த கதைகள் தம் தோழரின் வாழ்வைத் தொடவில்லை என்பதே. அதில் அறிவுரை கூறும் பெரியவர் எவரும் இல்லை என்றே சொல்லலாம். உலகின் பல பாடசாலைகளில் இன்று அது பாடநூல்.

மலையகத்திலும் இதற்கொப்பதொரு வாய்ப்பு முன்பு வந்து கைநழுவியது. 1960களில் வீரகேசரியின் தோட்டமஞ்சரிப் பகுதியை நடத்திய எஸ். எம். கார்மேகம், மலையக எழுத்தாளரிடையே சிறுகதைப் போட்டிகளை நடத்தினார். பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாயின. மலையகச் சிறுகதையின் எழுச்சிக்கு அப்போட்டிகள் வித்திட்டமை யாவரும் அறிந்தது. அக்கால எழுத்தாளரிற் பலர் இளைஞர். அவருட் பலர் ஆசிரியத் தொழிலில் இருந்தோர். தாம் கடந்துவந்த வயதை அவர்கள் திரும்பிப் பார்த்து எழுதியிருப்பின், மலையக நாவலின் போக்கே மாறியிருக்கும். ஆனால் தாங்கள் இளையோர் என்பதை விரைவில் மறந்து மக்களின் பிரதிநிதிகளாகிவிட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. பிரசாவுரிமையற்ற ஒரு சமூகத்தில் எழுத்தாளன் தன்னைப் பற்றி எழுதுவது கூச்சத்துக்குரியதாகத் தோன்றியிருக்கலாம். அன்று அது பொறுக்கத்தக்கது. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நிறைவு 2023இல் ஊர்வலங்களோடு நினைவுகூரப்பட்டது. இன்னும் அக்கூச்சம் ஏன்?

கொட்டகலையில் கதைக்குப் பஞ்சமில்லை. ஹற்றனைக் கடந்து சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் நுழைந்து வெளியேறும் கோச்சி, கொட்டகலை நிலையத்தில் நின்று, சென் கிளயர் நீர்வீழ்ச்சியைக் காட்டித் தலவாக்கலைக்குப் போகின்றது. அதில் மேல்நாட்டுப் பயணிகள் கதவோரத்திற் கால்களைத் தொங்கவிட்டுப் படம் பிடிக்கின்றனர். அப்படங்களிற் கொழுந்து பறிக்கும் ஒருத்தியாகத் தன் தாய் வண்ணத்தில் அகப்பட்டிருப்பதை, கைபேசியில் தற்செயலாகக் காணும் பதினாறு வயது மகனுக்கு என்ன தோன்றும்? பெருமையா, கோபமா, இரண்டும் கலந்த பெயரில்லாத ஒன்றா? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின், இதே பாதையிற் கோச்சியேறித் தலைமன்னாருக்குச் சென்று கப்பலேறிய குடும்பங்களில், வகுப்புத் தோழியைப் பிரிந்த பதின்மூன்று வயதினர் எத்தனை பேர்? பெரியவர்கள் எந்த நாட்டைத் தேர்வது என்று விண்ணப்பம் எழுதியபோது அப்பிள்ளைகளைக் கேட்டவர் யார்? நீலகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் சேர்ந்த புதிய பாடசாலையில் அவர்களது பேச்சைக் கேட்டுச் சிரித்தது யார்? தாயகம் திரும்பியோரைப் பற்றி எழுதியவை பெரும்பாலும் பெற்றோரின் ஏமாற்றத்தையே எழுதின. விண்ணப்பத்திற் கையெழுத்திடும் வயது வராதவரின் பிரிவு, அரசியலும் இலக்கியமும் ஒருங்கே கணக்கிலெடுக்காத பிரிவு.

பல்கலைக்கழகங்களும் இதிற் குற்றமற்றவை அல்ல. மலையக நாவல் பற்றிய ஆய்வுகள் எழுதப்படுகின்றன. வர்க்கம், பெண், மொழிநடை, நாட்டார் கூறு எனத் தலைப்புகள் அமைகின்றன. வயது என்பது ஒரு சமூகப் பிரிவு என்றும், அதற்கும் அதிகார உறவுகள் உண்டு என்றும் விரிவுரை மண்டபங்களிற் போதிய அளவு பேசப்படுவதில்லை. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' என்ற நூலை 1968இல் வெளியிட்டபோது, நாவலைச் சமூக மாற்றத்தோடு பொருத்திக் காணும் பார்வையைத் தமிழிற் பலருக்கும் கற்பித்தார். அப்பார்வையை உண்மையாகவே பின்பற்றுவோர், கடந்த ஐம்பது ஆண்டுகளில் மலையகத்தில் நேர்ந்த மிகப்பெரிய சமூக மாற்றம் எது என்று கேட்டிருக்க வேண்டும். பத்து வயதில் மலையேறிய சமூகம் பதினெட்டு வயதுவரை வகுப்பறையில் இருக்கத் தொடங்கியதே அது. அம்மாற்றத்தின் நாவல் எங்கே?

எழுதத்தக்கவர்கள் தூரத்தில் இல்லை. கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் ஆசிரியப் பயிற்சி பெறும் மலையக இளைஞர் அவ்வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆனவர்கள். நாள்தோறும் அவ்வயதினர் முன் நிற்கப் போகின்றவர்கள். பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களிலும் அவர்களின் உடன்பிறப்புகள் இருக்கின்றனர். இவர்களிடம் இதுவரை கேட்கப்பட்டவை கவிதையும் கட்டுரையும் நாடகமுமே. நூற்றைம்பது பக்க நாவலொன்றை எவரும் கேட்டதில்லை.

அது எழுதப்படும்போது மொழி பற்றிய பழைய வழக்கு மீண்டும் கிளம்பும் என்பதையும் எதிர்பார்க்கலாம். இளையவர் தம் வாயாலேயே கதையைச் சொல்வதாயின், காம்பராவும் இஸ்தோப்பும் கவ்வாத்தும் மேற்கணக்கும் பணியக்கணக்கும் உரையாடலில் மட்டும் நில்லாது கதையுரையிலேயே வரும். வாட்சப்பும் ரியூசனும் சிங்களச் சொற்களும் கூடவே வரும். 1960களில் ஈழத்து எழுத்தாளர் மக்கள் பேச்சைக் கதைகளிற் கொண்டுவந்தபோது அதனை இழிசனர் வழக்கென்று இகழ்ந்தோர் இருந்தனர். அவர்களை எதிர்த்து மண்வாசனைக்காக வாதாடியவர்களின் மாணவரும் மாணவரின் மாணவருமே இன்று பரிசுக் குழுக்களில் அமர்ந்திருக்கின்றனர். தோட்டத்துப் பிள்ளையொருத்தி தன் பேச்சில், தன் தாயைப் பற்றியும் தன் சங்கத்தலைவரைப் பற்றியும் தன் ஆசிரியரைப் பற்றியும் மரியாதையின்றி எழுதிய கையெழுத்துப் பிரதி அவர்கள் மேசைக்கு வருமாயின், அவர்கள் அதன் எழுத்துப்பிழைகளைத் திருத்தத் தொடங்குவார்களா, அல்லது முதலில் அதைப் படித்து முடிப்பார்களா என்பது இனித்தான் தெரிய வேண்டும்.